ஆறு தவணை மருந்தும் ஒரு கழிப்பறைச் சாவியும்

முதலில் அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என் நோயைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை திருநெல்வேலி டவுனில், தேர் ஓடும் வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் மாடி பட்டுப் பிரிவு. அந்த மாடியில் பெண்கள் பதினோரு பேர், கழிப்பறை ஒன்று, சாவி ஒன்று. சாவி மேற்பார்வையாளர் அண்ணாச்சியின் மேசை மேல் கிடக்கும். தொலைந்துவிடக் கூடாதென்று உடைந்த மீட்டர் கோல் ஒன்றின் முழ நீளத் துண்டில் அதைக் கட்டியிருந்தார்கள். போகிறவள் அவரிடம் போய் "அண்ணாச்சி, சாவி" என்று கேட்டு, அந்தக் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டும். கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பம் மொத்தமும் பார்க்கும். அவள் எங்கே போகிறாள் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் வரைக்கும் தெரிந்துவிடும்.

அதனால் நாங்கள் கேட்க மாட்டோம். கேட்காமல் இருப்பதற்கு ஒரே வழி குடிக்காமல் இருப்பது. வீட்டிலிருந்து கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் ராத்திரி நிறைந்தபடியே வீடு திரும்பும். இருபத்தாறு வருஷம் இப்படி நின்றேன். காலையில் வந்தால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, அதோடு சரி. ஆடி மாதக் கூட்டத்தில் அதுவும் இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகளிடம் "பழகிரும்ளா" என்று நானே சொல்லியிருக்கிறேன். என் வாயில் மண்ணைப் போட.

இரண்டு வருஷமாக எனக்கு நீர்க்கடுப்பு. போன இடமெல்லாம் சூடு என்றார்கள். மருந்துக்கடையில் மாத்திரை கொடுத்தார்கள், ஒரு டாக்டரம்மா கிருமி என்று மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் "இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும்" என்றார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், வெந்தயம் தின்றேன். பொம்பளைக்குக் கீழே என்ன வந்தாலும் ஒன்று சூடு, இல்லாவிட்டால் வயசு. இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். போன பங்குனியில் ஒரு நாள் வலியே இல்லாமல் ரத்தமாகப் போனது. அரக்குப் பட்டின் நிறம். நிறம் பார்த்தே பிழைத்தவள் நான், எனக்கா தெரியாது இது வயசு இல்லை என்று?

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்து, பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, மூத்திரப் பையின் உள்தோலில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். வேகமாக வளர்கிற வகை, ஆனால் இன்னும் தசைக்குள் இறங்கவில்லை. டாக்டருக்கு எனக்கு மகனாக இருக்கிற வயசுதான். பீடி குடிப்பீங்களா, சாயப்பட்டறையில வேலை பாத்தீங்களா என்று கேட்டார். பீடி குடித்தவர் என் வீட்டுக்காரர். அவர் மாரடைப்பில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் விட்ட புகையை நான் வாங்கினேன், அவ்வளவுதான்.

"அடக்கி அடக்கி வச்சதுனால வந்துச்சா டாக்டரே?" என்று கேட்டேன்.

"அதுனாலதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். பொய் சொல்லாத ஆள். எனக்குக் குற்றம் சுமத்த ஒரு முகம் வேண்டியிருந்தது, அவர் கொடுக்கவில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். வாரம் ஒரு தவணையாக ஆறு வாரம் பைக்குள் மருந்து விடுவார்கள். முடிந்தபிறகு ஒன்றரை மாதம் கழித்து மறுபடி கேமரா. நோய் போயிருந்தால் நல்லது. போகாவிட்டால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை போட்டு, மூத்திரம் வெளியே ஒட்டின பையில் சேருகிற மாதிரி வைக்க வேண்டும். ஆறே தவணை, அதற்குள் என் பையை நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குமேல் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"என்ன மருந்து அது?"

"காசநோய்க் கிருமிதான். பலம் குறைச்சது. சின்னப் பிள்ளையில கையில போடுதாவல்லா, பி.சி.ஜி., அதே சரக்கு."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கேன்சர் வந்தவளுக்கு டி.பி. கிருமியா? நல்லா இருக்குய்யா உங்க வைத்தியம்!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உடம்புக்குள்ள காவலுக்குன்னே அணுக்கள் இருக்கும்மா. கிருமி வந்தா கண்டுபிடிச்சு அடிக்கும். ஆனா புற்றுநோய் அணு வெளிய இருந்து வந்ததில்ல, உங்க உடம்புலயே பொறந்தது. காவலுக்குச் சந்தேகம் வராது. வீட்டாளே திருடுனா நாய் குலைக்குமா? குலைக்காது. தெரியாத ஆள் ஒருத்தன உள்ள விட்டா குலைச்சிக்கிட்டு ஓடியாரும். வந்த வேகத்துல அவனையும் கடிக்கும், பக்கத்துல நிக்கிற திருடனையும் கடிக்கும். நாங்க விடுத கிருமி அந்தத் தெரியாத ஆளு. கடிக்கப் போறது உங்க நாய்தான்."

என் நாய். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. அறுத்து எறிகிறதுமில்லை, வெளியிலிருந்து யாரோ வந்து காப்பாற்றுகிறதுமில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறதை எழுப்பிவிட்டால் போதும் என்கிறார்.

நர்ஸ் விவரம் சொன்னார். வருகிற அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர், காபி, டீ எதுவும் குடிக்கக் கூடாது. மருந்து உள்ளே போனபிறகு இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். கிருமி தோலில் ஒட்டுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டுமாம். "ரெண்டு மணி நேரம் முடியுமாம்மா?" என்று கவலையாகக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ரெண்டு மணி நேரமாம்! யாரிடம் வந்து யார் கேட்கிறது?

அந்தத் திமிருக்கு முதல் வாரமே அடி கிடைத்தது.

துணைக்கு என் மதினி வந்திருந்தாள். மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி, திசையன்விளைக்காரி. முதல் பஸ்ஸில் வரும்போதே தூக்குவாளி நிறைய பதனி, பனம் பதநீர், கொண்டுவந்தாள். சித்திரை மாதம், பனை நன்றாக வடிகிற காலம்.

"ஏளா, குடி. இவ்வளவு சூட்ட வச்சிக்கிட்டு எப்படி மருந்து விடுவாவ?"

"ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னாவ மதினி."

"தண்ணி, காபியத்தான குடிக்காதன்னாவ? இது பதனில்லா! இது மருந்துக்கு முந்தி மருந்து."

இன்னொரு ஊர்க்காரி இதைக் கேட்டுச் சிரிப்பாள். எங்கள் பக்கத்தில் பதனியைத் தண்ணீர்க் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அது குளிர்ச்சி, அது மருந்து. நானும் பத்தாவது படித்தவள்தான். இரண்டு சொம்பு குடித்தேன். மூத்திரக் கோளாறுக்குப் பதனி குடித்தவள் கெட்டுப்போனாள் என்று எந்த ஊரிலாவது உண்டா?

கட்டிலில் படுக்க வைத்து, மெல்லிய குழாய் வழியாக மருந்தை விட்டார்கள். அரை டம்ளர்கூட இராது. கால் மணிக்கு ஒரு தடவை புரண்டு படுக்க வேண்டும். மல்லாக்க, இடது பக்கம், வலது பக்கம், குப்புற. அப்போதுதான் பையின் எல்லாப் பக்கமும் மருந்து படும். முதல் கால் மணி சுகமாகப் போனது. இடது பக்கம் திரும்பினதும் பதனி தன் வேலையைக் காட்டிவிட்டது. இருபத்தாறு வருஷம் அடக்கினவள், பல்லைக் கடித்தேன், கட்டில் கம்பியைப் பிடித்தேன், தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். சுரண்டின புண் உள்ளே. அந்தப் பைக்கு என் பழைய வித்தை எதுவும் நினைவில்லை. இருபத்தைந்தாவது நிமிஷம் கழிப்பறைக்கு ஓடினேன். மருந்து போச்சு.

வெளியே வந்து டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன்.

"பதனியா? எவ்வளவு?"

"ரெண்டு சொம்பு."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது. "இத முழுத் தவணைன்னு சொல்ல முடியாதும்மா. இன்னும் அஞ்சு இருக்கு. ஒண்ணையும் விட்றக் கூடாது."

ஆறில் ஒன்றைப் பதனிக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவிலேயே மதினியைக் கிழி கிழி என்று கிழித்தேன். வீட்டுக்குள் வந்ததும் அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள். "நாந்தான் ஒன்னக் கொன்னுட்டேன்" என்றாள். "நான் இன்னும் சாவல, அழுவாத" என்று கத்தினேன். கத்தினது எனக்காகவும்தான்.

இரண்டாம் வாரம் விடியலிலிருந்து உமிழ்நீரைத் தவிர ஒன்றும் விழுங்கவில்லை. மருந்து உள்ளே போனது. ஒரு மணி நேரம் தாண்டினதும் வலி கொக்கி போட்டு இழுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சேலை மடித்தேன். மனசுக்குள்தான். முந்தியை உள்ளே கொடுத்து, கரையை வெளியே விட்டு, மூலைக்கு மூலை சேர்த்து. புரண்டு படுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கல்யாணத்துக்குச் சேலை காட்டி முடித்தேன். பெண்ணின் அம்மாவுக்குப் பிடித்தது, மாப்பிள்ளையின் அக்காவுக்குப் பிடிக்கவில்லை, மறுபடி ஒரு அடுக்கு. மணி ஆனதும் நர்ஸ் "எந்திரிங்கம்மா" என்றார். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கிறேன், போன வாரம் விட்டதற்கு என்றேன். "ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரந்தான். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று அதட்டினார். சரி என்று எழுந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்காக அடக்கினேன். அதுவரை அடக்கினதெல்லாம் கடைக்காக.

அன்றைக்கு ஆறு மணி நேரம், ஒவ்வொரு தடவை போனபிறகும் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றிக் கால் மணி விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிருமி யாருக்கும் போகக் கூடாதே. மதினி அதைச் செய்தாள், மூக்கில் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு. மருந்து வெளியே வந்தபிறகு நிறையக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும் என்றார்கள். பதனிக்கு அப்போது வேளை வந்தது. மதினிக்குக் கொஞ்சம் முகம் தெளிந்தது.

மூன்றாவது தவணை அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. கை கால் எல்லாம் உதறியது. முதுகெலும்புக்குள் குளிர். அடிவயிறு கொதித்தது. மதினி ஈரத்துணியும் சீரகத் தண்ணீருமாக ஓடி வந்தாள்.

"ஏளா, சூட்டத் தணிக்கணும், மெல்ல இந்தப் பக்கம் திரும்பு."

"வரட்டும் மதினி, விடு. நாய் குலைக்குது" என்றேன். பல் கிட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை, ஆனாலும் சிரிப்பு வந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மூளை கலங்கிவிட்டதென்று நினைத்துத் திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசினாள். நாய்க் கதையைச் சொன்னேன். "முள்ள முள்ளால எடுக்காவன்னு சொல்லு. இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் பதனியத் தாரேன்?" என்றாள். அடிப் பாவி மதினி.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். காய்ச்சல் மாத்திரை போடச் சொன்னார்கள், நூற்றொன்றைத் தாண்டினாலோ இரண்டாம் நாளும் நீடித்தாலோ உடனே வா என்றார்கள். மறுநாள் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "காய்ச்சல் வந்தாத்தான் வேலை செய்யுதுன்னு நினைக்காதீங்கம்மா. வராதவங்களுக்கும் சரியாயிருக்கு, வந்தவங்களுக்கு மறுபடி வந்தும் இருக்கு" என்றார். சொன்னேனே, பொய் சொல்லாத ஆள். இருக்கட்டும். அந்தச் சாயங்காலம் என் உடம்பு எனக்காக எழுந்து நின்றது. அதை அவரால்கூட என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

இதற்கிடையில் பார்க்க வந்தவர்கள் கூத்து தனி. ஒருத்தி "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றாள். போன ஜென்மத்தில் உன்னை மாதிரி ஒருத்தியை வீட்டுக்குள் விட்ட பாவம் என்றேன். இன்னொருத்தி டி.பி. கிருமி என்று கேள்விப்பட்டு, கொடுத்த காபியைத் தொடாமலே எழுந்துபோனாள். திருச்செந்தூருக்கு மொட்டை நேர்ந்துகொள்ளச் சொன்னார்கள் சிலர். முருகனை எனக்குப் பிடிக்கும், கும்பிடுகிறேன். ஆனால் தலைவிதி என்று என் காதில் ஓத வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. என் வீட்டுக் கதவை மூட எனக்குக் கை இருந்தது.

நான்காவது தவணை முடிந்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். ஆனி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, சம்பளமும் வேண்டும். பை எரிந்துகொண்டிருந்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். முதல் தடவை சாவி கேட்டேன், அண்ணாச்சி கொடுத்தார். இரண்டாம் தடவை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை, களக்காட்டிலிருந்து ஒரு பெரிய குடும்பம் பட்டு எடுக்க வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, இப்பத்தான போயிட்டு வந்த?" என்றார், சத்தமாக. "இவங்கள முடிச்சிட்டுப் போ. ஒரு மணி நேரம் பொறுத்துக்கிட மாட்டியா?"

இருபத்தாறு வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் இதை. தலை குனிந்து திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. முடியாமல் போனதற்காக இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன்.

"அண்ணாச்சி, எனக்கு மூத்திரப் பையில புத்துநோய். உள்ள டி.பி. கிருமியை விட்டு வைத்தியம் பாக்காவ. பை புண்ணாக் கெடக்கு. நான் இப்ப மூத்திரம் போவணும். சாவியத் தாங்க."

மூத்திரம் என்ற சொல் அந்த மாடியில் அதுவரை ஒலித்ததே இல்லை. அண்ணாச்சி முகம் வெளிறிப்போனது.

"டி.பி.யா? அப்ப நீ இந்தக் கக்கூஸுக்கே போவக் கூடாதும்மா. மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா?"

"மருந்து விட்ட அன்னைக்கு ஆறு மணி நேரந்தான் அந்தக் கவனம். அதுவும் வீட்டுலயே பிளீச்சிங் ஊத்தி முடிச்சாச்சு. இன்னைக்கு மூணாம் நாள். சந்தேகம்னா டாக்டர் நம்பர் தாரேன், கேளுங்க."

களக்காட்டுக் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணின் ஆச்சி போலிருந்த ஓர் அம்மா, மடியில் விரித்த சேலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஏய்யா, அந்தச் சாவியக் குடுத்தா ஒம்ம குடியா முழுகிப்போவும்? குடும்யா! அவ வாரது வரைக்கும் நாங்க இருக்கோம். எனக்கும் போவணும், இங்கன எங்க இருக்குன்னு கேக்கத்தான் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

சாவியை வாங்கினேன். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது கோலை மேசையில் வைக்கவில்லை, என் கவுண்டரில் வைத்துக்கொண்டேன். முதலாளியிடம் சொல்லி வேலையை விட்டே தூக்கிவிடுவதாக அண்ணாச்சி சொன்னார். தூக்கட்டும் என்றேன். தூக்கவில்லை. முகூர்த்தக் காலத்தில் அந்த மாடியில் பட்டு விற்க என்னை விட்டால் ஆள் யார்? ஆனால் ராத்திரி கடை சாத்தும்போது சாவியை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் கேட்டவுடன் கிடைத்தது. மற்ற பத்துப் பேருக்குப் பழையபடிதான். எனக்கு அது உறுத்தியது. நோய் வந்தவளுக்குக் கொடுக்கிற சலுகையா மூத்திரம்?

ஐந்தாவதும் ஆறாவதும் இரண்டு மணி நேரம் முழுசாக நின்றன. பிறகு காத்திருந்தேன். அந்த ஒன்றரை மாதம் பயமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். குளிக்கும்போது வயிற்றைத் தொட்டு, துளை எங்கே வரும் என்று பார்ப்பேன். அப்படி வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருக்கலாம். எனக்கு என் பை வேண்டும். பதனிக்குக் கொடுத்த அந்த ஒரு தவணை நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஆடி மாதக் கடைசியில் கேமரா. திரையை என் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். என் வீட்டை நான் பார்க்க வேண்டாமா? உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, அங்கங்கே சிவந்து கிடந்தது. கேமரா மெல்லச் சுற்றி வந்தது. கட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு, என் இடது கையில் சின்ன வயசில் போட்ட தடுப்பூசித் தழும்பு மாதிரியே.

"சிவப்பா இருக்கே டாக்டரே?"

"அது ஒங்க ஆளுங்க வந்துட்டுப் போன இடம்" என்றார். ஒரு சுற்று முடித்தார், இன்னொரு சுற்று வந்தார். "கட்டி இல்லம்மா. பையை எடுக்க வேண்டாம். ஆனா இது திரும்பி வாரதுல கெட்டிக்கார நோய். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும், இடையில மூணு வாரம் மறுபடி மருந்து விடணும்."

"விடுங்க. வந்தா வரட்டும், நாய் இருக்குல்லா" என்றேன். மதினி வெளியே சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் திட்டவில்லை, கூடச் சேர்ந்து அழுதேன்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு நேரே கடைக்குப் போனேன். ஆடிக் கழிவுக் கூட்டம், மாடிப்படியில் ஏற இடமில்லை. அண்ணாச்சி என்னைக் கண்டதும் கேட்காமலே மேசையைத் திறந்து சாவியை நீட்டினார். வாங்கினேன். மேசை மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டி, மீட்டர் கோல் துண்டை அவர் முன்னாலேயே வைத்தேன். வெறும் சாவியோடு மாடியைக் கடந்து போய், கதவைத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

"சாவி எங்கம்மா?" என்றார்.

"பூட்டுல. இனிமே அங்கனதான் கெடக்கும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

அவர் எழுந்தார். கவுண்டர்களில் சேலை காட்டிக்கொண்டிருந்த பத்துப் பேரும் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் என் கவுண்டருக்குப் போய்க் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். பக்கத்துக் கவுண்டர்க்காரி குனிந்து தன் பாட்டிலை எடுத்தாள். அதற்கடுத்தவளும் எடுத்தாள். அன்றைக்கு எங்கள் மாடியில் பதினோரு பேரும் தண்ணீர் குடித்தோம்.